ஓர் ஏரியும் ஒரு மதிப்பெண்ணும்

நுழையும்முன்

நிலப்படத்தில் விரல்நுனி அளவே உள்ள நீலத்திட்டு ஒன்று, நேரில் சென்று காண்பவருக்குத் தனி உலகமாக விரிகிறது. நூலறிவு வழிகாட்டும், அவ்வழியே நடந்து சென்று பார்க்கும்போதுதான் அறிவு முழுமை பெறும். முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்த ஓர் ஆசிரியர், தாம் கற்பித்த ஏரி ஒன்றிடம் பாடம் கேட்கச் சென்றதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விடைத்தாளில் ஒரு வரி

வடசென்னையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் அவர் புவியியல் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆண்டுதோறும் இந்தியாவின் ஏரிகள் பற்றிய பாடம் வரும்போது கரும்பலகையில் நிலப்படம் தொங்கவிடுவார். கையிலுள்ள பிரம்பின் நுனியால் கிழக்குக் கடற்கரையில் இரண்டு நீலத்திட்டுகளைத் தொட்டுக் காட்டுவார். மேலே உள்ளது ஒடிசாவின் சிலிகா. கீழே உள்ளது பழவேற்காடு. "இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி" என்று அவர் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பிரம்பு அடுத்த ஏரிக்கு நகர்ந்துவிடும்.

ஒருமுறை, அரையாண்டுத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா ஒன்றை அவர் கேட்டிருந்தார். 'பழவேற்காடு ஏரியின் நீர் எத்தகையது?' என்பது அவ்வினா. 'உவர்நீர்' என்ற ஒரே சொல்தான் விடை. வகுப்பின் கடைசி வரிசையில் அமரும் மாணவன் ஒருவன் வேறுவிதமாக எழுதியிருந்தான். 'மழை பெய்தால் நல்ல தண்ணீர்; வெயில் காய்ந்தால் கடலைவிட உப்பு' என்பது அவன் எழுதிய விடை. ஆசிரியர் அவ்வரியின்மீது சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் சுழியம் இட்டார்.

விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட மாணவன் தயங்கித் தயங்கி எழுந்து நின்றான். காசிமேட்டில் மாமன் வீட்டில் தங்கிப் படித்த அவனுக்குச் சொந்த ஊர் பழவேற்காடு.

"சார், நீங்க எங்க ஊருக்கு வந்திருக்கீங்களா?"

வகுப்பு சிரித்தது. கேள்வியில் துடுக்கு இல்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும், "புத்தகத்தில் இருப்பதை எழுது, மதிப்பெண் கிடைக்கும்" என்று சொல்லி அவனை அமரச் செய்தார். அந்த ஆண்டு முடிந்ததும் அவன் பள்ளிக்கு வரவில்லை. தந்தையோடு தொழிலுக்குப் போய்விட்டதாக உடன் படித்தவர்கள் சொன்னார்கள்.

ஆண்டுகள் கடந்தன. ஆசிரியர் பணி ஓய்வு பெற்றார். மாணவர்களின் பெயர்கள் பல மறந்துபோயின. அந்த மாணவனின் பெயரும் மறந்துபோயிற்று. அவன் கேட்ட கேள்வி மட்டும் மறக்கவில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஓர் ஊரை, முப்பது ஆண்டுகள் கற்பித்தும் ஒருமுறைகூடச் சென்று பார்க்கவில்லையே என்னும் எண்ணம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தை மாதக் காலையில் தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார்.

கல்லில் எழுதிய பெயர்கள்

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர்வண்டியில் பொன்னேரி வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் ஏறினார். வயல்களும் இறால் பண்ணைகளும் மாறி மாறி வந்தன. காற்றில் ஈரம் ஏறியது. பேருந்தின் நடத்துநர் "பழவேற்காடு" என்று குரல் கொடுத்தபோது, நிலப்படத்தில் மட்டுமே தொட்டிருந்த இடத்தில் அவர் கால்வைத்தார்.

பழமை, வேல், காடு என்று ஊர்ப்பெயரைப் பிரித்து, வேலமரங்கள் அடர்ந்த பழங்காடு எனப் பொருள் காண்போர் உண்டு. அயலார் நாவில் அப்பெயர் 'பாலியகாட்டா' என்றும் 'புலிகாட்' என்றும் திரிந்தது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிகாட்' என்பர். பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேறிய துணி, தன்னை அனுப்பிய ஊரின் பெயரையும் கடல்கடந்து சுமந்து சென்றிருக்கிறது.

சிறிய ஊர்தான். ஆனால் அதன் தெருக்களில் பல நூற்றாண்டுகள் அருகருகே குடியிருக்கின்றன. செம்புரைக் கல்லால் எழுப்பப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயில் ஒருபுறம். அரபு நாட்டு வணிகத் தொடர்பை நினைவூட்டும் பள்ளிவாசல்கள் ஒருபுறம். போர்த்துக்கீசியர் காலத் தொடர்புடைய மகிமை மாதா ஆலயம் ஒருபுறம். வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து பெண்கள் பனையோலையைக் கிழித்துச் சாயம் ஏற்றிக் கூடையும் பெட்டியும் முடைந்துகொண்டிருந்தார்கள். கட்டுமரத்துக்கும் கப்பலுக்கும் ஒருசேர இடம் தந்த துறைமுகம் இது என்பதை ஊரின் முகமே சொல்லியது.

டச்சுக்காரர்கள் 1610-இல் இங்கே வணிக நிலையம் அமைத்தனர். 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. அதன்பின் பல்லாண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாகப் பழவேற்காடே விளங்கியது. இங்கு நெய்த துணியைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று, அங்கிருந்து மிளகையும் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்கினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை 1806-இல் தகர்க்கப்பட்டது. ஆசிரியர் தேடிச் சென்ற இடத்தில் கோட்டை இல்லை. முட்செடிகள் மூடிய மேடும், அதைச் சுற்றிப் பாசி படர்ந்த அகழியும் இருந்தன.

டச்சுக் கல்லறைத் தோட்டம் அழியாமல் நிற்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அதன் வாயிலில், மனித எலும்புக்கூடுகளின் உருவங்கள் இருபுறமும் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே கூம்பு வடிவ நினைவுத் தூண்களும், பூவேலைப்பாடுகள் நிறைந்த பெரிய கற்பலகைகளும் இருந்தன. கடலோடிகள், வணிகர்கள், அவர்தம் மனைவியர், பிறந்து சில நாளே வாழ்ந்த குழந்தைகள் எனப் பலரது பெயர்கள் அக்கற்களில் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. எழுத்துகள் இன்றும் மங்கவில்லை.

அக்கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஆசிரியருக்கு வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. இத்துறையிலிருந்து கப்பலேறியவை துணிகள் மட்டுமல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் சூழ்ந்த காலங்களில், சோழமண்டலக் கரையின் ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்கப்பட்டுப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய சகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டனர். அந்த வணிகத்தில் பழவேற்காட்டுக்கும் பங்கு இருந்தது. விற்றவர்களுள் சிலருக்கு இங்கே கல்லும் எழுத்தும் இருக்கின்றன. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. கல்லில் இருக்கும் பெயர்களைப் படிப்பது எளிது. இல்லாத பெயர்களையும் சேர்த்துப் படிப்பதே வரலாறு என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரே வாசல்

நண்பகலில் அவர் ஏரிக்கரைக்கு வந்தார். முதல் பார்வையில் அது ஏரியா, கடலா என்று அவரால் சொல்ல முடியவில்லை. எதிர்க்கரை தெரியவில்லை, அலையும் இல்லை. வடக்கு தெற்காக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்முனை மட்டும் தமிழ்நாட்டில் உள்ளது. இவ்வளவு அகன்ற ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கரையிலிருந்து வெகுதொலைவில் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்.

உல்லாசப் படகுகள் எவையும் அங்கு இல்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அத்தகைய சவாரி தடை செய்யப்பட்டது. ஆகவே ஆசிரியர் ஏரியின் குறுக்கே செல்லும் பாலத்தில் நடந்து, கலங்கரை விளக்கம் உள்ள மறுகரையை அடைந்தார். அது ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏரியும் சூழ்ந்த மணற்றிட்டு. அங்கே படகு நிழலில் அமர்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தார்.

"இது ஏரியா, கடலாங்க?" என்று கேட்டார் ஆசிரியர்.

முதியவர் ஊசியை நிறுத்தாமல் சிரித்தார். "ரெண்டும்தாங்க ஐயா. கடல் உள்ளே வரணும், ஆறு வெளியே போகணும். ரெண்டுக்கும் ஒரே வாசல்."

அவர் கைகாட்டிய திசையில், மணற்கரை பிளந்து, ஏரிநீர் கடலோடு கலந்துகொண்டிருந்தது. அதுதான் முகத்துவாரம். தெற்கே ஆரணியாறும், மேற்கே காளங்கியும், வடக்கே சொர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பெருகும் வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்கிறது. வெள்ளம் வடிந்தபின், கடலின் ஏற்றத்தில் உவர்நீர் உள்ளே வருகிறது. அதனோடு கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சுகளும் வருகின்றன. கடலில் பிறந்த அக்குஞ்சுகள், ஏரியின் ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் வளர்ந்து, மீண்டும் இதே வாசல் வழியாகக் கடலுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன. மடவை, நண்டு எனப் பலவும் இந்த வரவுசெலவை நம்பியே வாழ்கின்றன.

இறால் கடலுக்குத் திரும்பும் அவ்வழியில்தான் வலை கட்டினால் மிகுதியாகக் கிடைக்கும். அவ்விடங்கள் சிலவே, வலை உடையவர்களோ பலர். அப்படியானால் சண்டை வராதா என்று ஆசிரியர் கேட்டார்.

"அதுக்குத்தானே பாடு இருக்கு" என்றார் முதியவர்.

பழவேற்காட்டு மீனவர்களிடையே தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் முறை அது. வலை கட்டும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பாடு. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாளில் யாருக்கு எந்தப் பாடு என்று முறைவைத்துக் கொள்கிறார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு நாளை அது கிடைக்காது. இன்று வெறும் வலையோடு திரும்பியவருக்கு நாளை முறை வரும். எந்த இடமும் எவருக்கும் நிலையான உடைமை ஆகாது. வலிமை உள்ளவர் முந்திக்கொள்ள முடியாது.

முறையில் குறையும் உண்டு என்பதை முதியவர் மறைக்கவில்லை. பாட்டில் பங்கு இல்லாத ஊர்களும் மக்களும் இதே ஏரியைத்தான் நம்பியிருக்கிறார்கள். வலையும் படகும் இல்லாதோர் சேற்றில் இறங்கி வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வளம் குறையும்போது இவர்களுக்கிடையே மனக்கசப்பு எழுவதும் உண்டு. "ஏரி நல்லா இருந்தா எல்லாருக்கும் போதும்" என்றார் அவர். "வாய் அடைச்சா, பாடு இருக்கிறவனுக்கும் இல்லை, இல்லாதவனுக்கும் இல்லை."

ஆசிரியர் குனிந்து ஓரத்து நீரை ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்தார். உப்பாகத்தான் இருந்தது. ஆனால் கடல்நீரின் கடுமை அதில் இல்லை.

தீவுகளை நோக்கி

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் பெருந்தீவு சிறீஅரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று 'ரோகிணி' என்னும் சிறிய ஆய்வு ஏவூர்தி இங்கிருந்து முதன்முதலாக விண்ணில் பாய்ந்தது. 2008-இல் சந்திரயான், 2013-இல் மங்கள்யான் என நாட்டின் பெருமைக்குரிய விண்கலங்கள் புறப்பட்டதும் இத்தீவிலிருந்தே. ஏவும் நாள்களில் பழவேற்காட்டுக் கரையில் நிற்பவர்கள் வடவானில் தீப்பிழம்பு எழுவதைக் காண்பார்கள். அந்நாள்களில் பாதுகாப்புக் கருதி மீனவர்கள் கடலின் குறிப்பிட்ட பகுதிக்குச் செல்லக்கூடாது. வலை உலரும் கரையிலிருந்து நிலவுக்குச் செல்லும் கலத்தைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது.

அத்தீவுக்கு எல்லாரும் செல்ல இயலாது. எனவே மறுநாள் ஆசிரியர் ஆரம்பாக்கம் சென்று, ஊர்மக்கள் செல்லும் படகில் ஏறி இருக்கம் தீவுக்குப் புறப்பட்டார். ஆந்திர எல்லைக்குள் ஏரியின் நடுவே உள்ள தீவு அது. அரிசி மூட்டை, எரிவாயு உருளை, பள்ளிப்பை, கோழிக்கூடை என அனைத்தும் அவரோடு பயணம் செய்தன. தமிழும் தெலுங்கும் ஒரே உரையாடலில் கலந்து ஒலித்தன. நிலப்படத்தில் மாநில எல்லை தடித்த கோடாக இருக்கும்; நீரின்மேல் அது எங்கே இருந்தது என்று படகில் இருந்த எவரும் பார்க்கவில்லை.

வழியில் படகோட்டி விசைப்பொறியின் ஓசையைக் குறைத்தார். தொலைவில் நீர்ப்பரப்பின்மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அவை பூநாரைகள். நீண்ட கால்களால் சேற்றைக் கலக்கி, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டுகொண்டிருந்தன. ஏரி ஆழமற்று இருப்பதும், அதன் நீர் ஓரளவு உப்பாக இருப்பதும் அவற்றின் உணவுக்கு இன்றியமையாதவை. அருகே கூழைக்கடாக்கள் மிதந்தன. இந்நீர்ப்பரப்பின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் புகலிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. பறவைகள் அச்சமுறாத தொலைவில் படகு வளைந்து சென்றது.

இருக்கத்தின் கரையில் இறங்கிய ஆசிரியர், முதல் வேலையாக நீரைத் தொட்டுச் சுவைத்தார். உப்புக் கரிப்பு இருந்ததா என்று ஐயப்படும் அளவுக்கே இருந்தது. கார்த்திகை, மார்கழி மழையின் வெள்ளம் இன்னும் அங்கே தேங்கியிருந்தது. 'மழை பெய்தால் நல்ல தண்ணீர்' என்ற வரியின் முதற்பாதி அவர் நாவில் நின்றது.

அடைபட்ட வாய்

வரியின் மறுபாதியை அறிய அவர் சித்திரை இறுதியில் மீண்டும் வந்தார்.

அது அதே ஏரி என்று நம்புவது கடினமாக இருந்தது. நீர் வெகுவாக உள்வாங்கியிருந்தது. பூநாரைகள் போய்விட்டன. தையில் படகுகள் மிதந்த இடத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. இருக்கத்துக்குச் சென்ற படகு பலமுறை தரைதட்டி நிற்க, படகோட்டி நீண்ட கழியை ஊன்றித் தள்ள வேண்டியிருந்தது. தீவின் ஓரத்தில், நீர் வற்றிய கோடுகள் வெள்ளையாக மின்னின. ஆசிரியர் விரலால் சுரண்டிப் பார்த்தார். அது உப்பு. அருகிலிருந்த நீரை நாவில் வைத்தபோது உடனே துப்ப நேர்ந்தது. வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுச் சென்றிருந்தது.

'வெயில் காய்ந்தால் கடலைவிட உப்பு.'

அந்த மாணவன் எழுதியது பிழையில்லை. மாரிக்காலத்தில் இந்த ஏரியின் சில பகுதிகள் ஏறத்தாழ நன்னீராகவே ஆகிவிடுகின்றன. கடுங்கோடையில் கடல்நீரின் உப்பளவையும் தாண்டிவிடுகின்றன. 'உவர்நீர்' என்ற ஒற்றைச் சொல், இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்கும் சராசரி மட்டுமே. புத்தகம் ஏரியின் பெயரைச் சொன்னது. மாணவன் ஏரியின் ஓராண்டு வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லியிருந்தான்.

மாலையில் அவர் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குச் சென்றார். வாசல் இருந்த இடத்தில் மணல் மேடிட்டிருந்தது. கரையோரமாகவே ஓடும் கடல்நீரோட்டம் மணலைச் சுமந்துவந்து குவிக்கிறது. அதை எதிர்த்துத் தள்ளக் கோடையில் ஆற்றில் வெள்ளம் இருப்பதில்லை. முகத்துவாரம் அடைபட்டால் புதுநீர் வராது; இறால் குஞ்சும் வராது; படகும் கடலுக்குப் போக முடியாது. மீனவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி மணலை அள்ளி வழி வெட்டிய ஆண்டுகள் உண்டு. முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்குமாறு அலைதடுப்புச் சுவர்கள் அமைக்க அரசும் திட்டம் வகுத்தது. ஆற்றில் வரும் நீர் குறைவது, கழிவுகள் கலப்பது, கரையோரத்தில் எழும் பெரிய கட்டுமானங்களால் மணல் நகரும் போக்கு மாறுவது என ஏரியின் நலத்தைத் தொடும் காரணங்கள் பல. அவற்றுள் பலவும் ஏரியிலிருந்து வெகுதொலைவில் தொடங்குகின்றன.

மேடிட்ட மணலின்மேல் சிலர் மண்வெட்டியோடு நின்றிருந்தனர். பாடு உடையவர்களும் பாடு இல்லாதவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். தையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் அவரை அடையாளம் கண்டு கையசைத்தார்.

ஆசிரியர் அவரிடம் தம் மாணவனைப் பற்றிச் சொன்னார். பெயர் நினைவில்லை; காசிமேட்டில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தவன்; இப்போது நாற்பதைக் கடந்திருப்பான்; அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அப்படிப் போய்த் திரும்பி வந்தவங்க இங்க நிறையப் பேரு ஐயா" என்றார் முதியவர். "எதுக்குத் தேடுறீங்க?"

"அவனுக்கு ஒரு மதிப்பெண் தரவேண்டியிருக்கிறது."

முதியவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. மணலில் வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "கடன்னா, யாருக்காவது குடுத்துத்தானே ஆகணும்" என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்ந்தது. ஒருபுறம் கடல் இரைந்துகொண்டிருந்தது. மறுபுறம் ஏரி ஓசையின்றிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே சில முழம் மணல்தான் இருந்தது. கோட்டை கட்டியவர்கள் இந்த ஏரியிடமிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கோட்டை மேடாகிவிட்டது. முறைவைத்துப் பகிர்ந்தவர்களே இன்றும் இங்கு நிற்கிறார்கள், மண்வெட்டியோடு. ஆசிரியர் தம் துணிப்பையை மணலில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓர் இளைஞனிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார். அவர் வயதைப் பார்த்து அவன் தயங்கினான், பிறகு கொடுத்தான். அவரால் பத்து வெட்டுகூட வெட்ட முடியவில்லை. ஆயினும் அவை அந்த மணலில் விழுந்தன.

இரவு வீடு திரும்பியதும், தாம் பாடம் நடத்திய பழைய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். ஏரிகள் பற்றிய பக்கத்தைப் புரட்டினார். 'உவர்நீர் ஏரி' என்ற சொற்களின் கீழ் அவர் என்றோ இட்ட அடிக்கோடு மங்கியிருந்தது. அதை அவர் அடிக்கவில்லை, அதுவும் உண்மையே. அதன் பக்கத்தில், ஓரத்து வெற்றிடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி எழுதினார்: 'மழை பெய்தால் நல்ல தண்ணீர்; வெயில் காய்ந்தால் கடலைவிட உப்பு.'

பிறகு சிவப்பு மைப் பேனாவைத் தேடி எடுத்து, அவ்வரிக்கு நேரே 'சரி' என்னும் குறியை இட்டு, ஒன்று என்று எழுதினார்.